வலது மூலைக்குப் பட்டா கேட்டவர்

நன்னிலம் பக்கம் கட்டளைக்குடியில் ஒருவர், கபடியில் தான் நிற்கிற மூலையைத் தன் பேருக்கே பட்டா போட்டுத் தரச் சொல்லி அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார் என்று ஒரு பேச்சு பன்னிரண்டு வருஷமாக உலவுகிறது. என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரும் நேரில் பார்த்தவர்களாம். விசாரித்ததில் இரண்டு பேர் அன்றைக்கு வேறு ஊரில் இருந்திருக்கிறார்கள். மூன்றாமவருக்கு அப்போது நாலு வயசு.

ஒரு வதந்தி இத்தனை காலம் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்கு யாரோ வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? யார் என்று பார்க்கப் போனேன்.

ஆளின் பெயர் சிங்காரவேலு. இப்போது முப்பத்தைந்து வயது. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நாற்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், வந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்தார்.

"பஸ்ஸ விட்டு எறங்கயில இடது காலத்தான் மொதல்ல ஊனியிருப்பீங்க. வலதுல என்னமோ இருக்கு, பாத்துக்குங்க."

ஊரில் எல்லோரையும் அவர் முட்டியை வைத்துத்தான் அடையாளம் சொல்வார் என்று அவர் மனைவி கமலவல்லி சொன்னார். "பொண்ணு பாக்க வந்தப்பவே என் மூஞ்சியப் பாக்கல. காப்பித் தட்டோட நான் குனிஞ்சு நிமிந்ததைத்தான் பாத்தாரு. 'நல்லா மடங்குது'ன்னாராம் தரகர்கிட்ட."

கதை எழுபத்திரண்டில் நடக்கிறது. அப்போது அவருக்கு இருபத்துமூன்று. அந்த வயசுக்கு 'அவன்' போதும்.

கட்டளைக்குடியில் அதுவரை அந்த ஆட்டத்துக்குச் சடுகுடு என்றுதான் பெயர். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் தியாகராசன்தான் அதைக் கபடியாக்கி, 'தென்றல் தமிழர் கபடிக் குழு' என்று பேரும் வைத்து, ஏழு பனியன் வாங்கிக் கொடுத்தார். பேர் நீளம். பனியனில் நெஞ்சில் தென்றலாகப் புறப்பட்டு அக்குளுக்குப் போவதற்குள் தமிழர் கசங்கிப்போனார்கள். ஏழு பேர் வரிசையில் இரண்டு கோடியிலும் நிற்கிறவர்கள் மூலைக்காரர்கள். பாடி வருகிறவனுடைய கணுக்காலை மடக்குவது அவர்கள் வேலை. வலது மூலை சிங்காரவேலு. அவன் கைக்குச் சிக்கிய கால், கோட்டைத் தாண்டிப் போனதில்லை என்பார்கள்.

பத்தொன்பது வயசில் ஒருநாள், சிக்கிய கால் அவனுடைய வலது முட்டியின் மேலேயே வந்து விழுந்தது. முட்டிச்சில்லு நழுவி வெளிப்பக்கம் போய்விட்டது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் அப்பி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் படுத்தான். அடுத்த வருஷம் மறுபடியும் நழுவியது. நாலு வாரம். அதற்கடுத்த வருஷம் பத்தே நாள். கால் வரவரச் சீக்கிரம் ஆறியது என்று நினைத்துவிடாதீர்கள். தான் கட்டோடு கிடக்க, மூலையில் இன்னொருத்தன் நிற்கிற சத்தம் வீடுவரை கேட்டது. அதுதான் ஆளைச் சீக்கிரம் எழுப்பியது.

அந்த இன்னொருத்தன், தம்பி ராசு.

அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. அண்ணன் தம்பி இருவர்தான் வீட்டில். இவன் சோறு வடித்தால் அவன் குழம்பு வைப்பான். முதல் தடவை அடிபட்டபோது சிங்காரவேலு தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னது ஊருக்கே தெரியும்.

"மூலையக் கடனாத்தான் குடுக்கிறேன். முட்டி சரியானதும் திருப்பிக் குடுத்துரணும்."

"வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன், நெல்லா வெதைக்கப்போறேன்?" என்றான் ராசு.

மூன்று தடவை திருப்பியும் கொடுத்தான். சங்கடம் என்னவென்றால், வாங்கினபோது இருந்த மூலை வேறு, திருப்பித் தந்தபோது இருந்த மூலை வேறு. முன்பெல்லாம் பாடி வருகிறவனுடைய காலை மட்டும் பார்த்தவன், இப்போது ஒரு கண்ணைத் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டுதான் நின்றான். வரப்பில் நடந்தாலும் கை தானாகச் சில்லுக்குப் போகும். காலையில் எழுந்ததும் முதலில் அதை விசாரிப்பான், மாமியாரைக் குசலம் கேட்கிற மாதிரி. "கால் எப்படியிருக்கு?" என்று கேட்டவர்களையெல்லாம் அவனுக்குப் பிடிக்கவில்லை. கேட்காதவர்களை அதைவிடப் பிடிக்கவில்லை.

பிறகு பொறாமை வந்தது. அதற்குச் சொந்தபந்தம், சாதி, கட்சி ஒன்றும் கிடையாது. தினம் பதினெட்டு மைல் சைக்கிள் மிதிக்கிற தபால்காரர் முட்டி. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற பெண்களின் முட்டி. குட்டைக்குள் நாலு காலையும் மடக்கிச் சுகமாகப் படுக்கிற எருமையின் முட்டி, அதற்கு நாலு! சிவன் கோயில் நந்திக்கு எதிரே நின்று, ஆயிரம் வருஷமாக மடக்கி வைத்தும் வலிக்கவில்லை பார் என்று அதன்மேலும் வயிறெரிந்திருக்கிறான். ஜமாபந்தி கணக்கு மாதிரி ஊர் முட்டிகளின் கணக்கு முழுக்க அவன் மனசில் இருந்தது. முதல் பக்கத்திலேயே ராசு.

"ஒரே வயித்துல நாலு முட்டி பொறந்துச்சு. மூணு நல்லது. கெட்டது ஒண்ணு யாருக்கு வந்துச்சு பாத்தீங்களா?" என்று இப்போதும் கேட்கிறார். கேள்வி அவருக்குப் பழையது. கோபம் புதுசு.

எழுபத்திரண்டு வைகாசியில் நாலாவது தடவையாக நழுவியது. ஆட்டத்தில்கூட இல்லை, வாய்க்காலில் கால் கழுவும்போது. ஆடி அடிபட்டால் வீரன். கால் கழுவி அடிபட்டவனுக்கு என்ன பேர்? அந்தத் தடவை அவன் பத்து நாளில் எழுந்திருக்கவில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டது. குறுவைக்கு உழ வேண்டும். ராசு தனியாக ஏர் பூட்டி உழுதான், வரப்பு வெட்டினான், நாற்றங்கால் விட்டான். சாயங்காலம் போய் மூலையில் நின்றான். அண்ணன் கட்டோடு படுத்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

நிலம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். சொந்தமில்லை, குத்தகை. சொந்தக்காரர் ராமச்சந்திர ஐயர் சென்னையில் பெரிய வேலையில் இருந்தார். அவருக்கு நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்திருக்கும். மறக்காமல் இருந்தவர் அவருடைய காரியஸ்தர் பஞ்சநதம். குத்தகைதாரர் பேரையெல்லாம் அரசாங்கம் பதிவு செய்ய வந்த காலம் அது. பேர் ஏறிவிட்டால் அப்புறம் ஆளை அசைக்க முடியாது. தஞ்சாவூர் ஜில்லா முழுக்க ஏற்றச் சொல்லி ஒரு கொடி, ஏற்றக்கூடாது என்று ஒரு வக்கீல், நடுவில் வெட்டுக்குத்து. கட்டளைக்குடியில் மட்டும் வெட்டுக்குத்து வரவில்லை. முட்டி வந்தது.

சட்டம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பேர் கேட்கிறவர் உடம்பால் பாடுபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் குடும்பத்தார் யாராவது பாடுபட்டிருக்க வேண்டும். சிங்காரவேலு பேரில் மனு. அவன் 'என் தம்பி உழுதான்' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும், ஒன்பது மாவும் கையில். சொல்லாவிட்டால் போயிற்று.

அந்த மூன்று வார்த்தைதான் வாயில் வரவில்லை. மூலைதான் போயிற்று, ஏரும் அவனுடையதா?

விசாரணை ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, நன்னிலத்தில், மூன்றரை மணிக்கு. அன்றைக்குத்தான் கபடிப் போட்டியின் கடைசி ஆட்டம், நாலு மணிக்கு. விசாரணை நடந்த கட்டடத்துக்கும் ஆட்டம் நடந்த மைதானத்துக்கும் நடுவே ஒரு மதில்தான்.

"நானும் ஆபீசுக்கு வரேண்ணே. உழுதது யாருன்னு கேட்டா சொல்லணுமே" என்றான் ராசு.

"நீ எதுக்கு? போய் ஆடு. கோப்பை முக்கியம்" என்றான் அண்ணன்.

ராசு கண் கலங்கிப்போனான். தனக்குப் போய்விட்ட ஆட்டம் தம்பிக்காவது இருக்கட்டும் என்று அண்ணன் நினைக்கிறதாம். இதை அவனே தியாகராசனிடம் சொல்ல, அவர் அதை அன்று காலைப் பொதுக்கூட்டத்தில் தியாகம் என்று பேசியும் விட்டார். அண்ணன் நினைத்தது வேறு. தம்பி ஆபீசுக்கு வந்தால்தானே யார் உழுதது என்ற பேச்சே வரும்?

சாட்சிக்கு வந்தது ரெங்கம்மாள் மட்டும். நடவு ஆட்களுக்குத் தலைவி, செங்கொடிச் சங்கம். போன அறுவடையில் இதே அண்ணன் தம்பியோடு கூலிக்குச் சண்டை போட்டவர். "எங்க சண்டை எங்களுக்குள்ள. நெலம் ஐயர் கைக்குப் போனா நான் யாருகிட்டப் போய்ச் சண்டை போடுறது?" என்று கிளம்பி வந்திருந்தார்.

இனி நகல். வாக்குமூலத்தின் நகலைக் கமலவல்லி டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பதிவு அதிகாரி பொறுமையான மனிதர் என்பது கேள்விகளிலேயே தெரிகிறது. அவர் கேட்கிறார், இவன் சொல்கிறான், இடையில் மதிலுக்கு அந்தப் பக்கம் விசில் ஊதுகிறது. விசில் நகலில் இல்லை. ஆனால் இருக்கிற இடம் தெரிகிறது.

'கேள்வி: சாகுபடி செய்யும் இடம் எது?

பதில்: வலது மூலை.

கேள்வி: எத்தனை வருஷமாக?

பதில்: ஆறு வருஷம். நடுவில் தம்பிக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறேன். அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது.'

வதந்தி பிறந்த இடம் இதுதான். அந்தச் சமயம் மதிலுக்கு அப்பால் பெரிய ஆரவாரம். அதன் நீளத்தை வைத்தே சிங்காரவேலுவுக்குத் தெரிந்துவிட்டது, ராசு யாரையோ கணுக்காலில் பிடித்துவிட்டான். அதிகாரி கேட்டது காதில் பாதிதான் விழுந்தது. அப்போது அவனுக்கு உலகத்திலேயே இருந்தது ஒரே ஓர் இடம். அதைச் சொன்னான். பட்டாவும் கேட்கவில்லை, மனுவும் கொடுக்கவில்லை. குமாஸ்தா சிரித்ததில் பேனா உதறி, நகலில் அந்த இடத்தில் ஒரு மைக்கறை இன்னும் இருக்கிறது.

பஞ்சநதம் சிரிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்தார். அன்றைய ஆட்டத்துக்குத் தியாகராசன் அச்சடித்த நோட்டீஸ்; மரியாதைக்காக அண்ணன் பேரையும் சேர்த்திருந்தார். 'வலது மூலை: ராசு. (சிங்காரவேலு முழங்கால் காயத்தால் ஓய்வில்.)'

"ஓய்வுல இருக்கிற காலு எப்படிங்க உழும்? கூலி ஆளை விட்டு உழுதிருக்காங்க. தம்பி உழுதான்னு சொல்லுவாங்களோன்னு பாத்தேன், அவன் மைதானத்துல ஆட்டம் போட்டுக்கிட்டிருக்கான். நிலத்துமேல அக்கறை உள்ளவன் இன்னிக்கு அங்கயா இருப்பான்?"

அதிகாரி சிங்காரவேலுவைப் பார்த்தார். கதவைத் திறந்தே வைத்திருந்தார் மனிதர். "உங்க தம்பி உழுதாரா? குடும்பத்தார் உழைப்பும் செல்லும். யோசிச்சுச் சொல்லுங்க."

மதிலுக்கு அப்பால் "ராசு! ராசு!" என்று கத்தினார்கள்.

"இல்ல. நான்தான் உழுதேன்."

"காலு?"

"காலுக்கென்ன? குந்தி எந்திரிச்சுக் காட்டட்டுமா?"

யாரும் கேட்கவில்லை. பஞ்சநதம்கூட அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார். இவனாகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினான். குந்தியாயிற்று. எழுந்திருக்கும்போது 'களுக்'கென்று ஒரு சத்தம். அதிகாரியின் காலடியில் சாய்ந்து கிடந்தான். நாலு பேர் தூக்க வந்தார்கள். "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, காலை மெல்ல நீட்டி, கட்டைவிரலால் சில்லைத் தானே உள்ளே தள்ளினான். பெட்டித் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. அதைச் செய்த பழக்கத்தைப் பார்த்துத்தான் அதிகாரிக்கு முகம் மாறியதாக ரெங்கம்மாள் சொல்கிறார்.

"இந்தக் காலா உழுதது?" என்றார் பஞ்சநதம். குரலில் கேலிகூட இல்லையாம். அதுதான் தாங்கவில்லை என்கிறார் சிங்காரவேலு.

"அப்ப யாருப்பா உழுதது?" அதிகாரி மறுபடி கேட்டார். "அஞ்சு மணிக்கு நான் எழுதி முடிக்கணும்."

இவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது.

ரெங்கம்மாள் எழுந்தார். "சாட்சி எங்க போறே?" என்று குமாஸ்தா கேட்டதற்கு, "ஒண்ணுக்கு" என்று சொல்லிவிட்டு நேரே மதிலுக்குப் போனார். ஒரு செங்கல்மேல் ஏறி நின்று தலையை நீட்டினார். ஆட்டத்தில் இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி. தென்றல் தமிழர் நாலு பாயின்ட் முன்னால்.

"ஏ ராசு! மூலையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியே, அங்க நெலம் போவுதுடா!"

நடவு வயலில் இரண்டு வாய்க்கால் தூரம் கேட்கிற குரல் அது. ராசு தியாகராசனைப் பார்த்தான். தியாகராசன் "போகாதே" என்று சைகை செய்தார். பாடி வந்துகொண்டிருந்தவன் மூச்சை விட மறந்து நின்றான். ராசு கோட்டைத் தாண்டி ஓடி, மதிலேறிக் குதித்தான். குதித்த முட்டி இரண்டும் கிண்ணென்று நின்றதைச் சிங்காரவேலு தரையில் கிடந்தபடியே வாசல் வழியாகப் பார்த்தான். அந்த நிலைமையிலும் அதைத்தான் பார்த்தான். அவரே ஒத்துக்கொள்கிறார்.

பனியனும் சுண்ணாம்புமாக ராசு உள்ளே வந்து நின்றான்.

"நான்தான் உழுதேன் சார். எட்டுச் சால் உழவு. மேக்கால வரப்பு ஒரு எடத்துல ஒடையும், அங்க பனமட்டை வச்சு அணைச்சிருக்கேன். வேணும்னா வாங்க, காட்டுறேன்."

அதிகாரி தாளைப் பார்த்தார். "உங்க அண்ணன் நீங்க உழலைன்னு சொல்லியிருக்காரே?"

ராசு திரும்பி அண்ணனைப் பார்த்தான். காலையில் ஏன் தன்னை ஆடப் போகச் சொன்னான் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மதிலுக்கு அப்பால் மறுபடி ஆரவாரம், இந்தத் தடவை எதிரணிக்கு.

"அண்ணன் பாவம் சார், கட்டுப் போட்டுப் படுத்திருந்துச்சு. எப்படி உழணும்னு அதுதான் படுத்தபடியே சொல்லும், நான் உழுவேன். சொல்லிச் சொல்லித் தானே உழுத மாதிரி ஆயிருச்சு."

"சரியாப்பா?" என்று அதிகாரி சிங்காரவேலுவைக் கேட்டார்.

நகலின் கடைசி வரி இது: 'மேற்படியார் தலையசைத்தார்.'

அது போதும் என்று எழுதி, பேரை ஏற்றிவிட்டார். நிலம் நின்றது. ஆறு பேரோடு ஆடிய தென்றல் தமிழர் ஒரே பாயின்டில் தோற்றார்கள். இரண்டு மாசத்தில் கட்சி இரண்டானது. குழுவும் இரண்டாகி, பனியன்களை நாலுக்கு மூன்று என்று பிரித்துக்கொண்டு, ஆள் போதாமல் இரண்டும் கலைந்தன. ராசு அப்புறம் எந்த மூலையிலும் நிற்கவில்லை. அந்த வருஷம் தோற்றதற்கு ஊர் இவனைத்தான் திட்டியது, அண்ணனை அல்ல. அண்ணனுக்கு அதிலும் வருத்தம். திட்டுகிற அளவுக்குக்கூடத் தன்னை ஆட்டக்காரனாக யாரும் நினைக்கவில்லையே!

இன்றைக்கும் இருவரும் ஒரே களத்தில்தான் தூற்றுகிறார்கள். பேச்சுவார்த்தை உண்டு, சண்டை இல்லை, ஒரு பாக்கி மட்டும் உண்டு. அண்ணன் அந்த மூன்று வார்த்தையைத் தன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும் என்கிறார் ராசு. தலையசைத்தது செல்லாதாம். "சர்க்காருக்குச் செல்லும். எனக்குச் செல்லாது." கடனாக வாங்கின மூலையை நாலாவது தடவை தம்பி திருப்பித் தரவேயில்லை என்கிறார் சிங்காரவேலு. முதலில் அது வரட்டும். மைதானத்தில் இப்போது நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. வலது மூலையில் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

மூலைக்குப் பட்டா கேட்ட கதைக்குச் சோறு போடுவது யார் என்பதும் தெரிந்தது. ராசுதான். வெளியூர்க்காரர்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். ஆனால் அந்தக் கதையில் பட்டா வரும், மனு வரும், வலது மூலை வரும். அண்ணன் 'இல்ல' என்று சொன்னது மட்டும் வரவே வராது. நான் கேட்ட மூன்று பேருக்குமே அது தெரிந்திருக்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் ராசு நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே களத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தார். முப்பத்திரண்டு வயசு, முட்டி இரண்டும் அப்படியே. அண்ணனின் கண் அங்கே போய்விட்டு வந்தது.

நான் கேட்டு வைத்தேன். "அந்தக் குறுவைக்கு உழுதது யாருங்க?"

கமலவல்லி புடைப்பதை நிறுத்தினார். ராசு காலை நிறுத்தினார். சிங்காரவேலு நீட்டியிருந்த வலது முட்டியைத் தடவினார். வாய் திறந்தது.

"ஏருதாங்க" என்றார்.

"பாத்தீங்கல்ல?" என்று சொல்லிவிட்டு ராசு மறுபடி நெல்லைத் துழாவ ஆரம்பித்தார். "மூணுல ஒண்ணுகூட வரல. எழுதிக்குங்க, பாக்கின்னு."